இலையின் அடிப்பக்கம்

அக்கா: கிட்ட வாடி. கண்ணாடியில மூக்கு இடிச்சாலும் பரவாயில்லை. இன்னும் கிட்ட.

தங்கை: இடிச்சுட்டுத்தான் நிக்கறேன். அக்கா... இது எல்லாம் நீ தனியாப் பண்ணினதா?

அக்கா: பின்ன, உங்க மாமாவா? அவருக்கு இது பெரிய டிவி. சோபாவுல சாய்ஞ்சு பார்ப்பார், அப்படியே தூங்கிடுவார்.

தங்கை: இந்தப் பொடிப் புல்லு... ஒவ்வொண்ணா நட்டியா?

அக்கா: ஒவ்வொண்ணா. பல் கட்டுற லேப்ல இருக்கற இடுக்கியாலதான். பகல் பூரா ஊரார் வாய்க்குப் பல்லு வரிசை. வீட்டுக்கு வந்தா இதுக்குப் புல்லு வரிசை.

தங்கை: போட்டோவுல பார்த்தப்ப ஏதோ மீன் தொட்டின்னு நினைச்சேன். இது தண்ணிக்குள்ளே ஒரு மலையடிவாரம் மாதிரியில்ல இருக்கு. இப்பத்தான் மழை பெஞ்சு விட்ட மாதிரி.

அக்கா: அஞ்சு வருஷமாக் கூப்பிடறேன். வந்தியா? எப்பப் பார்த்தாலும் ஆபீஸ், ஆபீஸ்...

தங்கை: வந்துட்டேன்ல. குத்திக் காட்டாம, தொட்டியைக் காட்டு. நடுவுல அந்தப் பாறை மட்டும் ஏன் மொட்டையா நிக்குது?

அக்கா: அதுக்கு ஒரு செடி சொல்லி வச்சிருந்தேன். வெளிநாட்டுக்காரன்கிட்ட, ஆன்லைன்ல. பாறையைக் கட்டிப் பிடிச்சு வளருமாம். கருநீல இலை... வெளிச்சம் பட்டா மயில் கழுத்து.

தங்கை: எப்பச் சொல்லி வச்சே?

அக்கா: நாப்பது நாள் ஆச்சு.

தங்கை: கப்பல்ல வருதோ என்னமோ.

அக்கா: உயிர்ச் செடியை எவன்டி கப்பல்ல அனுப்புவான்? நீதானே பார்சல் சோதிக்கற ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கே. வெளிநாட்டுப் பார்சல்ல செடி வந்தா என்ன பண்ணுவீங்க?

தங்கை: லீவு நாள்லயும் என் வேலையைப் பத்தியா?

அக்கா: சொல்லேன். நீ என் தொட்டியைப் பார்க்க வரலை, நானும் உன் வேலை என்னன்னு கேட்டதில்லை. சரிக்குச் சரி.

தங்கை: முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்கணும். அனுப்பற நாட்டு அதிகாரி, பூச்சி இல்லை நோய் இல்லைன்னு சான்றிதழ் குடுத்திருக்கணும். ரெண்டும் இருந்தா சோதிச்சுப் பார்த்து விடுவோம். இல்லைன்னா திருப்பி அனுப்புவோம்... இல்லாட்டி அழிப்போம்.

அக்கா: விக்கறவன், "அதெல்லாம் வேண்டாம், நான் பார்த்துக்கறேன்"னு சொன்னா?

தங்கை: பார்த்துக்கறதுன்னா, பெட்டி மேல பிளாஸ்டிக் பொம்மைன்னு எழுதறது. உன் ஆளும் அதைத்தானே...

அக்கா: என் ஆளா?

தங்கை: பொதுவாச் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க.

அக்கா: ஓ... பொதுவா.

தங்கை: சிரிக்காதே.

அக்கா: சிரிக்கலைடி. பொய் சொன்னா உனக்குக் காது மடல் சிவக்கும். அதைப் பார்த்துட்டிருக்கேன்.

தங்கை: அக்கா... அது வந்துச்சு. உன் பார்சல். என் மேஜைக்கே வந்துச்சு. பேர் போடற இடத்துல "தவளை"ன்னு போட்டிருக்கே!

அக்கா: உன் ஆபீஸ் ஆச்சே. அதிகாரியோட அக்கான்னு யாருக்காவது தெரிஞ்சு, உனக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாதுன்னுதான்... விலாசமும் லேப் விலாசம்தான் குடுத்தேன்.

தங்கை: என்ன மூளை! எங்க ஆபீஸ்ல நாப்பது பேரு. உன்னைத் தவளைன்னு கூப்பிடற ஒரே ஆள் நான்தான். என் கைக்கே வருதுன்னா!

அக்கா: அப்பா வச்ச பேர். சும்மா விடுமா? சரி, அப்புறம்?

தங்கை: திறந்தேன். ஈரக் காகிதத்துல, பச்சைக் குழந்தையைச் சுத்தற மாதிரி சுத்தி வச்சிருந்தான். மயில் கழுத்துன்னு சொன்னியே... அது கம்மிக்கா. கொஞ்ச நேரம் எனக்கு வேலையே ஓடலை.

அக்கா: நான் பார்க்காததை நீயாவது பார்த்தியே.

தங்கை: அப்புறம் லென்ஸை எடுத்து இலையைத் திருப்பினேன். அடிப்பக்கம் மூணு இடத்துல ஜவ்வு ஜவ்வா... நத்தை முட்டை. எந்த ஊர் நத்தையோ, தெரியாது. ஏதாவது ஒரு குளத்துல இறங்கிடுச்சுன்னா திரும்பப் பிடிக்கவே முடியாது.

அக்கா: என்ன பண்ணினே?

தங்கை: ஒரு நிமிஷம் தோணிச்சு. முட்டையைச் சுரண்டிப் போட்டுட்டு, உன்கிட்ட கொண்டு வந்து குடுத்துடலாமான்னு. யாரும் கேக்க மாட்டாங்க. கேக்க ஆளே இல்லைங்கறதுதான் என்னைப் பயமுறுத்திச்சு. எனக்குள்ளே நான் திருப்பிப் பார்க்காத ஒரு பக்கம் இருக்குன்னு...

அக்கா: சுரண்டலையே.

தங்கை: இல்லை. செடியை வேக வச்சு அழிக்கற நீராவி மெஷின்ல போட்டேன். கதவை மூடினதும் நான்தான். ஆனா, சொந்தக்காரங்க பார்சல்னா எழுதிக் குடுத்துட்டு வேற அதிகாரிகிட்ட தள்ளிடணும். அதைச் செய்யலை. எழுதினா உன்னைக் காட்டிக் குடுக்கணும். முக்கால் நேர்மைதான்க்கா என்னோடது. அன்னிலேர்ந்து உனக்குப் போன் எடுக்கவே கூச்சமா இருந்துச்சு.

அக்கா: தெரியும்.

தங்கை: என்ன தெரியும்?

அக்கா: லெட்டர் வந்துச்சு. மூணு வாரமாச்சு. லேப்ல ஒருத்தன் உரக்கப் படிக்கிறான், "இங்கே தவளை யாரு?"ன்னு. மானம் போச்சு. "தங்கள் பெயருக்கு வந்த பொதியில் சான்றிதழ் இல்லாத உயிருள்ள தாவரமும், இலைகளின் அடிப்பகுதியில் நத்தை முட்டைகளும் காணப்பட்டதால், அது அழிக்கப்பட்டது." கீழே உன் கையெழுத்து. என் ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்தைப் போட்டுக் குடுத்த கை. அந்தச் சுழி எனக்குத் தெரியாதா?

தங்கை: மூணு வாரமா! ஒரு வார்த்தை திட்டலையே நீ!

அக்கா: முதல் நாள் கோபம் வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். தங்கச்சின்னு ஒருத்தி இருந்து என்ன பிரயோஜனம்னு கூட நினைச்சேன். மறுநாள் ஒரு பல்லு செட்டை மெருகேத்திட்டிருக்கேன். முன்பக்கம்தான் எல்லாரும் பார்க்கறது. ஆனா ஈறுல உட்கார்ற பக்கம் சரியில்லைன்னா வாயெல்லாம் புண்ணாயிடும். அதை யாரும் பார்க்கப் போறதில்லை, ஆனா நான் அதைத்தான் அதிக நேரம் தேய்க்கறேன். அப்பத்தான் உறைச்சுது. என் பார்சல்னு தெரிஞ்சும் நீ இலையைத் திருப்பிப் பார்த்திருக்கே. பெருமையா இருந்துச்சுடி.

தங்கை: அழ வைக்காதே, போ... சரி, முறைப்படியே வரவழைப்போம். விண்ணப்பம் எப்படின்னு நான் காட்டித் தரேன். சோதிக்கறது வேற அதிகாரி, நான் எழுதிக் குடுத்துடறேன். அந்த மொட்டைப் பாறைக்கு...

அக்கா: பாறை கிடக்கட்டும். இந்த ஓரத்துல சிவப்பா ஒண்ணு நிக்குதே, பார்த்தியா?

தங்கை: வந்தவுடனே அதைத்தான் பார்த்தேன். தொட்டிக்கே அதுதான் அழகு.

அக்கா: அதுவும் அந்த ஆள்கிட்ட வாங்கினதுதான். ஆறு மாசம் முன்னாடி. உங்க யார் கண்லயும் படாம வந்துடுச்சு.

தங்கை: அக்கா...

அக்கா: லெட்டரைப் படிச்சுட்டு வந்து, இலையைத் திருப்பினேன்.

தங்கை: எத்தனை?

அக்கா: எண்ணறதை விட்டுட்டேன். இலை, கல்லு, புல்லு... அடிப்பக்கம் ஓர் இடம் பாக்கியில்லை.

தங்கை: மாத்தற தண்ணி? அதை எங்கே கொட்டறே?

அக்கா: பதறாதே. லெட்டர் வந்ததுலேர்ந்து கொதிக்க வைக்காம ஒரு சொட்டு வெளியே போகலை. அதுக்கு முன்னாடி போனதை நினைச்சாத்தான்... அதை நீ உங்க ஆபீஸ்ல சொல்லணும், என் சொந்தப் பேரைப் போட்டே சொல்லு. மீனுங்களைத் தனியாப் பிரிச்சுட்டேன். மண்ணு, செடி எல்லாத்தையும் இன்னிக்கு வேக வச்சுடலாம்னு இருக்கேன்.

தங்கை: எல்லாத்தையுமா? அஞ்சு வருஷம்க்கா... தெரிஞ்சப்பவே செஞ்சிருக்கலாமே. மூணு வாரம் இதை வச்சுக்கிட்டு எப்படி இருந்தே?

அக்கா: ஒரு நாளைக்கு ரெண்டு தடவை உனக்குப் போன் பண்ணினேனே, ஒரு நடை வந்துட்டுப் போடின்னு... உங்க மாமாகூட என்ன இவ்வளவு அவசரம்னு கேட்டார். முழுசா இருக்கும்போதே ஒரு தடவை நீ இதைப் பார்த்துடணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான். பார்த்துட்டேல்ல... கையைக் குடு, அந்தச் சிவப்புலேர்ந்தே ஆரம்பிப்போம்.