குருணைக்குக் குடை பிடித்த ஊர்

தூத்துக்குடி வெக்கையையும் என் பேச்சையும் ஒருசேரத் தாங்கத் துணிந்துவிட்ட விழாத் தலைவர், இந்தத் திடலின் சொந்தக்காரர், பெரியவர் மந்திரமூர்த்தி அவர்களே! ஆறுமுகநேரி உப்பளம் எங்களுக்குத் தந்த கால்பந்துக் கழகச் செயலாளர், அண்ணாச்சி பாண்டித்துரை அவர்களே! சான்றோர்களே! குழாயடியில் குரலாலேயே கோட்டை கட்டும் என் தாய்மார்களே! பந்தை உதைத்துப் பழகிய காலால் முன்வரிசை நாற்காலியை உதைத்துக்கொண்டிருக்கும் மில்லர்புரம் பெண்கள் அணியின் சிங்கங்களே! அனைவருக்கும் உரக்கடை முத்துச்செல்வியின் உளமார்ந்த மாலை வணக்கம்!

வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டு வரச் சொல்லியிருந்தோம். கொண்டு வந்துவிட்டீர்கள். ஆனால் கொடுக்க மனம் வரவில்லை. அதோ, பிலோமினா அக்கா குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைக் களவாணியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். என்னக்கா? "எதுக்குன்னு சொல்லு, பொறவு தாரேன்" என்கிறார். நியாயம்! கழுத்து நகையைக் கேட்டாலும் இரவல் கொடுப்போம், தண்ணீரைக் கொடுப்போமா? தூத்துக்குடிக்காரி கொடுப்பாளா? சொல்கிறேன் அக்கா, கேளுங்கள்.

வடக்குக் கோல் கம்பத்துக்கு முன்னால் பழுத்துக் கிடக்கிறதே ஒரு திட்டு, தெரிகிறதா? அங்கே புல்லைப் பிடித்து இழுத்தால் பாயைச் சுருட்டுவதுபோல் கையோடு வருகிறது. ஏன் வருகிறது? வேர் இல்லை! வேர் எங்கே? வேர்ப்புழுவின் வயிற்றிலே! வண்டு முட்டையிட்டு, முட்டை புழுவாகி, மண்ணுக்கு அடியில் மாப்பிள்ளை விருந்து நடக்கிறது.

அந்தத் திட்டில் நிற்பவள் யார்? நம் கோல்கீப்பர் சந்தனச்செல்வி! பந்துக்குப் பாய்ந்தால் சரளைக் கல்லில் விழுகிறாள். ஏளா, எந்திரிச்சு முழங்கையைக் காட்டு! பார்த்தீர்களா? அத்தனையும் சிராய்ப்பு! பெரியவரும் சொல்லிவிட்டார்: "புல்லு நிக்கலைன்னா பிள்ளைகளை இங்கன ஆட விடமாட்டேன். கன்டெய்னர் லாரிக்காரன் வண்டி நிறுத்த இடம் கேட்டுக்கிட்டே இருக்கான். மாசக் கடைசில விட்டுருவேன்." அவரைக் குறை சொல்ல முடியுமா? பிள்ளைக்குக் கை முறிந்தால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்.

புழுவுக்கு மருந்து இல்லையா? இருக்கிறது! போன மாதம் என் கடையிலிருந்தே குருணை மருந்து கொடுத்தேன். அரிசிக் குருணை போலவே இருக்கும். "தூவுன கையோட நல்லா நனையத் தண்ணி விடுங்க" என்று தலையில் அடித்துச் சொன்னேன். தூவினார்கள். உடனே கடல் பக்கம் மேகம் கறுத்தது. எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. மருந்துக்கு மழை! காசில்லாத மழை! கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது!

ஆனால் திடலில் நின்றது யார்? அண்ணாச்சி பாண்டித்துரை! உப்பளத்திலே பிறந்து, உப்பளத்திலே வளர்ந்தவர். வானம் கறுத்தால் உப்புக் குவியலை மூட ஓடியே பழகியவர். தரையில் வெள்ளையாக எது கிடந்தாலும் மழைக்கு மூட வேண்டும்! "ஏலே சிலுவை, தார்ப்பாயை எடுல! மருந்து கரைஞ்சிரும்லா!" திடல் காவலர் சிலுவை ஓடினார். தெருவே ஓடியது. தார்ப்பாய் வந்தது, பனையோலை வந்தது, ஒரு வீட்டுப் பந்தல் துணியும் வந்தது! அன்று ஊரே நனைந்தது. நனையாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது நனைய வேண்டிய இடம்! மறுநாள் வெயிலில் குருணை மேலேயே காய்ந்து கிடந்தது. புழு நிழலில் படுத்திருந்தது. புல்லைக் காக்கப் புறப்பட்டு, புழுவைக் காத்த புண்ணியவான்கள் நாம்!

கதை முடிந்ததா? இல்லை! அடுத்து தெற்குப் பக்கம் இலையைத் தின்னும் படைப்புழு வந்தது. மாலையில் மருந்து அடித்துவிட்டுத் திரும்பினால், இதே தாய்மார்கள் ஹோஸ் பைப்போடு நிற்கிறார்கள்! "போன தடவ தண்ணி விடலன்னு அந்த ஏச்சு ஏசினியே, இப்ப விட்டா என்ன?" இலையில் ஒட்டியிருக்க வேண்டிய மருந்து ஓடையில் போனது. என்னத்தைச் சொல்ல!

இன்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: புழு குடியிருக்கும் வீட்டுக்கு மருந்து போய்ச் சேர வேண்டும். இலையில் மேய்கிற புழுவா? மருந்து இலையிலேயே காயட்டும். ஒரு முழு நாள் தண்ணீர் படக் கூடாது. வேரைத் தின்கிற புழுவா? மருந்துக்குக் காலில்லை; தண்ணீர்தான் அதை மண்ணுக்குள் தூக்கிப் போக வேண்டும்.

இன்று மதியம் அந்தத் திட்டில் மறுபடியும் குருணை தூவியாயிற்று. சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறோம். நனைந்து காயும் வரை ஒரு குஞ்சு குளுவான் உள்ளே கால் வைக்கக் கூடாது. வருகிறேன் என்ற தண்ணீர் டேங்கர் லாரி பாதி வழியில் படுத்துவிட்டது. நாளை என்றால் குருணை மறுபடியும் காய்ந்து போகும். மாதக் கடைசியில் இங்கே கன்டெய்னர் லாரி நிற்கும்.

தாய்மார்களே! கயிற்றுக்கு வெளியே சின்டெக்ஸ் தொட்டி நிற்கிறது. அதில் ஊற்றுங்கள், மோட்டார் தெளித்துவிடும். நீங்கள் கொடுக்கும் குடம் மண்ணில் வீணாகுமா? வேருக்குப் போகும்! வேர் பிடித்தால் புல் நிற்கும்! புல் நின்றால் பெண் பாய்வாள்! பாய்ந்த பெண்ணைப் பந்து மிஞ்சுமா? தூத்துக்குடியை எவளாவது மிஞ்சுவாளா?

அட, பிலோமினா அக்கா எழுந்துவிட்டார்! "போதும்ளா, தொட்டியத் தொற" என்கிறார். அக்கா பின்னால் வரிசையே கிளம்பிவிட்டது! இது யார், மேடையிலிருந்து இறங்குவது? பாண்டித்துரை அண்ணாச்சி! அண்ணாச்சி, அது எனக்குக் குடிக்க வைத்த தண்ணீர் கேன்! "இன்னைக்கு மூட மாட்டேன் தாயி, ஊத்தப் போறேன்" என்கிறார். கேனுக்கு அந்தப் பக்கம் கை கொடுத்துத் தூக்குவது... மந்திரமூர்த்தி ஐயா! ஐயா, திடலைக் கேட்ட லாரிக்காரனுக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்!

எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. இப்படி ஒரு தாகம் எனக்கு என்றைக்கும் இனித்ததில்லை. நனைத்த கைகளுக்கெல்லாம் நன்றி, வணக்கம்! ஏளா சந்தனச்செல்வி, வழியை விட்டு நில்லு, குடம் வருது!