ஒண்ணு கூட்டணும்

இல்ல டீச்சர், கடைசியா நான் என் வீட்டுக்காரிய உயிரோட பாத்தப்ப அவ என்னைத் திட்டிக்கிட்டு இருந்தா. சிரிக்காதீங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்ல சாஞ்சு உக்காந்து, மடியில அட்டை, கையில துணியில கோடு போடுற சிவப்பு சாக்பீஸ். முப்பது வருஷமா இதே தப்பான்னு கேட்டா.

எதுக்கா? இந்தத் தாளுக்குத்தான். பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்து நீங்க கணக்கு டீச்சர்னு சொன்னதும் பையிலேர்ந்து எடுத்துட்டேன் பாருங்க.

நான் லிஃப்ட் ஆபரேட்டரா இருந்தவன். ஸ்டூல்ல உக்காந்து மேல போறது, கீழ வர்றது, அவ்வளவுதான் உத்தியோகம். பழைய பேப்பர் கடையில ஒரு கணக்குப் புஸ்தகம் கெடச்சுது. பூரா நாலாம்படிச் சமன்பாடு. விடைப் பக்கம் மட்டும் கிழிஞ்சுபோயிருந்துச்சு. நான் போட்டது சரியான்னு யாரு சொல்றது? வீட்டுக்காரிதான். தையல்காரி, அளவு டேப்ப நம்புவா, என் வாய நம்ப மாட்டா. நான் போடுவேன், அவ ஒவ்வொரு விடையா கணக்குல எக்ஸ் இருக்கற எடத்துல வச்சுப் பாப்பா. பூஜ்யம் வந்தா சிவப்பா ஒரு டிக். போட்டவனே சரிபாக்கக் கூடாதுங்கறது அவ சட்டம்.

போடுறது பெரிய வித்தையில்ல, உங்களுக்குத் தெரியாததா. முதல்ல எக்ஸ கொஞ்சம் நகத்தி முப்படியத் தொரத்தணும். அப்புறம் ரெண்டு பக்கமும் ஏதோ ஒண்ணச் சேத்து வர்க்கமாக்கணும். அந்த ஒண்ணப் பிடிக்கவே தனியா ஒரு மூணாம்படிக் கணக்கு, அதான் தலைவலி. பிடிச்சுட்டா மொத்தமும் ரெண்டு இருபடியா உடைஞ்சுடும், நாலு விடையும் கையில. ஆனா ஆரம்பத்துல நகத்துனதத் திருப்பி வைக்கணும். அத மட்டும் நான் மறந்துடுவேன்.

அன்னிக்கும் ஒண்ணு, மூணு, அஞ்சு, மைனஸ் ஒம்போதுன்னு நீட்டினேன். ஒண்ண வச்சுப் பாத்தா. மைனஸ் நூத்தி முப்பத்தஞ்சு வந்துச்சு. மிச்சத்தத் தொடவே இல்ல. ஒண்ணு நகத்தினீங்க, திருப்பி வைக்கல, நாலுக்கும் ஒண்ணு கூட்டணும், போய்க் கூட்டிட்டுக் காலையில வாங்க, நர்ஸம்மா மொறைக்கறாங்கன்னுட்டா.

பஸ்லயே கூட்டிட்டேன். ரெண்டு, நாலு, ஆறு, மைனஸ் எட்டு. காலையில முத ஆளாப் போய் நின்னேன். கட்டில்ல புது விரிப்பு போட்டிருந்தாங்க.

மூணு வருஷம் ஆச்சு. நானே பாத்துக்கலாமேங்கறீங்களா? சட்டம் இருக்கே, டீச்சர்.

உங்க ஸ்டாப் வர இன்னும் நேரமிருக்கில்ல? இந்தாங்க சாக்பீஸ், அவளோடதுதான். ரெண்டுலேர்ந்து ஆரம்பிங்க. கணக்கு மேல இருக்கு, விடை கீழ நாலு. ஒண்ணுக்கும் இன்னும் டிக் இல்ல.