வயித்துப் பக்கத்துத் துண்டு

ஹலோ... ஹலோ, அபிரூப் பாபாவா? நான்தான்ப்பா, சாந்திபூர்லேருந்து... ஆமா ஆமா, உன் மாமியார்தான், வேற யாரு உன்னை இப்படி விடாம கூப்பிடப் போறா! எங்க வந்துட்டே? ராணாகாட் தாண்டிட்டியா?... கொஞ்சம் சத்தமா பேசு, அடுப்புல எண்ணெய் காயுது, காதுல விழலை...

என்னது? கிளம்பவே இல்லையா?

அட, மணி என்னாச்சு தெரியுமா? மாப்ளை சஷ்டி விருந்துக்கு ஊர்ல இருக்கற மாப்ளைங்க எல்லாம் இனிப்புப் பானையும் கையுமா மாமியார் வீட்டு வாசல்ல வந்து நின்னாச்சு. எதிர்வீட்டு மாப்ளை காலையிலேயே வந்து, புது ஜிப்பாவைப் போட்டுக்கிட்டு தெருவை அளந்துட்டிருக்கான். நீ என்னடான்னா இன்னும்...

வயிறா? வயித்துக்கு என்ன?... எத்தனை தடவை?... இதுல என்ன வெக்கம் உனக்கு? என் பொண்ணு தோர்ஷா இருந்திருந்தா அவளே போன் பண்ணி, எண்ணிக்கையோட சொல்லியிருப்பா...

ம்... ம்... கண்டதை வாங்கித் தின்னிருப்பே. தனியா கிடக்கற ஆம்பளை, வேற என்ன செய்வே? சரி, அதுக்காக வராம இருப்பாங்களா? வந்துடு. வாழைக்காயைப் போட்டுக் காரமில்லாம ஒரு குழம்பு வச்சுத் தர்றேன், குழைய வடிச்ச சோறு, ஒரு எலுமிச்சம்பழம். மீனெல்லாம் ராத்திரிக்குப் பாத்துக்கலாம். நீ வந்து மணையில உக்காந்தாப் போதும்... சூ! போ அந்தப் பக்கம்!... உன்னை இல்லப்பா, பூனையை. மீன் தட்டை விட்டு நகர மாட்டேங்குது. நாள் பாத்து வந்து நிக்குது பாரு, பிள்ளைங்களைக் காக்கற சஷ்டி தாயோட வாகனம், இன்னிக்குக் கை ஓங்கவும் முடியாது...

என்ன மீனா? இலிஷ்தான்! நல்ல அகலமான இலிஷ். யாரு வாங்கிட்டு வந்தா கேளு. உன் மாமனார்... ஆமாங்கறேன், அவரேதான். இருட்டோட எந்திரிச்சுப் பையைத் தூக்கிட்டுப் போயிட்டார். தோர்ஷா போனதுலேருந்து அந்த மனுஷன் சந்தைப் பக்கமே தலை காட்டினதில்ல, தெரியுமில்ல உனக்கு? இன்னிக்குப் போய்ச் செவுளைத் தூக்கிப் பாத்து, இது நேத்து மீன்னு சண்டை போட்டு... சண்டை போட்டாராம்ப்பா! மீன்காரனே ஆள்கிட்டச் சொல்லியனுப்பினான், "பெரியவர் இன்னிக்கு என்னைத் திட்டினாரும்மா, கேக்க சந்தோஷமா இருந்துச்சு"ன்னு...

அழலை, யாரு அழுதா? கடுகு அரைச்சேன், கண்ணுல ஏறிடுச்சு.

அவரா? ஸ்டேஷன்ல இருக்கார். சவரம் பண்ணி, நீ எடுத்துக் குடுத்தியே கோடு போட்ட சட்டை, அதைப் போட்டுட்டு பெஞ்சுல போய் உக்காந்துட்டார். வெயில் கொளுத்துது, குடையைக்கூட மறந்துட்டுப் போயிட்டார். ஒவ்வொரு லோக்கல் வண்டியா பாத்துட்டிருப்பார்... இல்லப்பா, அவர்கிட்ட எப்படிச் சொல்றது? வீட்டுல இருக்கறது இந்த ஒரு போன். அதனாலதான் சொல்றேன், அடுத்த வண்டியைப் பிடி. போன வருஷம் நீ வந்து அவர் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டே பாரு, அதுக்கப்புறம் கொஞ்ச நாள் என்கூடப் பேசினார். உப்பு கம்மின்னார், ஃபேனைக் குறைன்னார். எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு. அப்புறம் பழையபடி சுவரைப் பாத்துப் படுத்துட்டார். இன்னிக்குத்தான்ப்பா எந்திரிச்சிருக்கார்...

பாக்கலாம்னுதான் சொன்னியா? போன வாரம் கேட்டப்போ "பாக்கலாம்மா"ன்னே, சரி. மாப்ளை பாக்கலாம்னா வர்றேன்னுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். அவர்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்.

இன்னொண்ணு கேளு. காலையில ஆலமரத்தடிக்குப் பூஜைக்குப் போனேனா... ஒரு நிமிஷம் கேளேன், வச்சுடாதே... பொம்பளைங்க எல்லாரும் விசிறியும் பழத்தட்டுமா வந்திருக்காங்க. அதுல ஒருத்தி, பேரு வேண்டாம், எல்லார் முன்னாடியும் கேக்கறா, "சபிதா அக்கா, பிள்ளைங்க நல்லா இருக்கணும்னு எடுக்கற விரதம் இது, நீங்க யாருக்காக எடுக்கறீங்க?"ன்னு... ஆமா, அப்படியேதான் கேட்டா. நான் விடுவேனா? "என் மாப்ளை இருக்கான்டி, அவனும் எனக்குப் பிள்ளைதான்"னேன். மஞ்சக்கயிறு நனைச்சு வச்சிருக்கேன். அருகம்புல், நெல்லு, தயிர் எல்லாம் தட்டுல இருக்கு. உன் கை ஒண்ணுதான் பாக்கி...

இரு. அது என்ன சத்தம்?

சங்கு ஊதற மாதிரி இருக்கே... டி.வி.யா?... ம்... டி.வி.ல குலவை கூடப் போடறாங்களா?... பக்கத்து வீடா? இப்போதான் டி.வி.ன்னே...

அபிரூப்... யாரோ உன்னைக் கூப்பிடறாங்க... இல்ல, எனக்கு நல்லாக் கேட்டுச்சு. "மாப்ளே, லூச்சி ஆறுது"ன்னு ஒரு பொம்பளை சொன்னாங்க.

...

எங்க இருக்கே நீ?

...

சொல்லு பாபா. திட்ட மாட்டேன், சொல்லு... ம்... ம்... பாராசாத்லயா?... யாரு வீடு?... ம்...

எப்போ?... பால்குன மாசமா? ஹோலிக்கு முன்னாடியேவா?... ஹோலி அன்னிக்கு எனக்குப் போன் பண்ணினியே! உங்க கால்ல வண்ணம் வச்சுக் கும்பிட்டதா நினைச்சுக்கங்கம்மான்னு சொன்னியே, அப்போ பக்கத்துல அவ இருந்தாளா?... இருந்தாளா... ஓ...

பதிவுக் கல்யாணம் மட்டும்தானா... யாருக்கும் சொல்லலையா... சரி... சரி சரி... இல்ல, கோபமில்ல... இருக்குப்பா. கோபம் இருக்கு. எதுக்கு இல்லைன்னு சொல்லணும்? வயிறு சரியில்லைன்னியே, உனக்காக வாழைக்காயை நறுக்கறதுக்கு அருவாமணையைக்கூட எடுத்துட்டேன்!

ஆமா, நான்தான் சொன்னேன். சின்ன வயசு, எத்தனை நாள் இப்படி இருப்பே, இன்னொருத்தியைக் கட்டிக்கோன்னு நானேதான் சொன்னேன். காரியம் முடிஞ்ச அன்னிக்கே சொன்னேன். ஏன் சொன்னேன் தெரியுமா? சொல்லணும்னு சொன்னேன். நீ மாட்டேன்மான்னு சொல்லுவேங்கற நம்பிக்கையில சொன்னேன். டெங்குல அஞ்சாறு நாள்ல அவளைத் தூக்கிக் குடுத்துட்டு நின்ன வீட்டுல, ஒருத்தராவது மாட்டேன்னு சொல்ல மாட்டாங்களான்னு... போகட்டும் விடு. உன் மேல தப்பில்ல.

சரி, போங்க. லூச்சி ஆறிடும். சாப்பிடுங்க... ஆமா, "சாப்பிடுங்க"ன்னுதான் சொன்னேன். இன்னொருத்தர் வீட்டு மாப்ளையை வேற எப்படிச் சொல்றது?...

அழாதீங்க. விருந்து மணையில உக்காந்து அழக்கூடாது. அந்த அம்மா என்ன நினைப்பாங்க?

...

அபிரூப், இரு, வச்சுடாதே. ஒண்ணு செய்வோம். நீ அங்கேயே நல்லாச் சாப்பிடு. முடிச்சுட்டுச் சாயங்காலமா வா... இல்ல, கேளு... அவளையும் கூட்டிட்டு வா! எனக்கொண்ணும் இல்லப்பா, அவ நெத்தியிலயும் தயிர் வைக்கிறேன், அவளுக்கும் விசிறறேன். என்ன பேரு பொண்ணுக்கு?... மேகலாவா... நல்ல பேரு. வா பாபா. ஒரு பிடி சோறு, அவர் எதிர்ல உக்காந்து ஒரு பிடி. தங்க வேண்டாம், கடைசி லோக்கலைப் பிடிச்சுப் போயிடலாம். கல்யாண விஷயத்தை அவர்கிட்ட நான் பக்குவமா அப்புறமாச் சொல்லிக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் அந்தப் பெஞ்சுலேருந்து அவரை எழுப்பிக் கூட்டிட்டு வா. நான் போய்க் கூப்பிட்டா வர மாட்டார்ப்பா. உன்னைப் பாத்தாத்தான் எந்திரிப்பார்...

யாரு?... மேகலாவோட அம்மாவா?... குடு, பேசறேன். எதுக்குப் பயப்படறே, குடு.

ஹலோ... நமஸ்காரம் அக்கா... ஆமா ஆமா, தோர்ஷாவோட அம்மா... இல்லக்கா, தெரியாது. இப்போதான் தெரிஞ்சுது... ரொம்ப சந்தோஷம்... நிஜமாத்தான்... ம்... ம்... சாயங்காலம் சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போனா... மேகலாவையும் சேத்துத்தான் சொன்னேன்...

ஓ... அப்படியா... எத்தனாவது மாசம்?... ஓ.

ஆமா... ஆமா... புரியுது... இல்லக்கா, நீங்க தப்பாச் சொல்லலை... ஆமா, சஷ்டி தாயோட நாள்... பிள்ளையைப் பறிகொடுத்தவ கையால தயிர்ப் பொட்டு... ஆமா, வயித்துல ஒண்ணு இருக்கறப்போ... நீங்க வாயைத் திறந்து சொல்லவே வேண்டாம், எனக்கே தெரிஞ்சிருக்கணும். நான் உங்க இடத்துல இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். என் பொண்ணுக்குன்னா இதைவிடக் கடுமையாச் சொல்லியிருப்பேன்... இல்லக்கா, மன்னிப்பெல்லாம் எதுக்கு...

இனிமே போன் பண்ண மாட்டேன்... சரி... நாள் கிழமைன்னு இல்ல, எப்பவுமே பண்ணலை. சரி.

அக்கா, வச்சுடாதீங்க, ஒண்ணே ஒண்ணு. உங்க வீட்டுல இன்னிக்கு இலிஷ்தானே?... மாப்ளைக்கு முள்ளு எடுக்கத் தெரியாது. ஊருக்கு முன்னாடி தெரியற மாதிரி உக்காந்திருப்பார், தெரியாது. தோர்ஷாதான் எடுத்துக் குடுப்பா. போன வருஷம் நான் எடுத்துக் குடுத்தேன். வால் பக்கம் வச்சுடாதீங்க, முள்ளு ஜாஸ்தி. வயித்துப் பக்கத்துத் துண்டா பாத்து வைங்க. தொண்டையில சிக்கிச்சுன்னா பயந்துடுவார், வெறும் சோத்தை உருண்டையா... ஹலோ?... அக்கா?...

ஹலோ... ஹலோ...

வச்சுட்டாங்க.

...

சூ, போ. சரி, தின்னு. நீயாவது தின்னு.

...

யாரது? கதவு திறந்துதான்... ஏங்க, நீங்களா? அதுக்குள்ள ஏன் வந்துட்டீங்க? முகமெல்லாம் கருத்துப் போச்சு... குடைக்கா? குடையை எடுக்கவா இத்தனை தூரம் வெயில்ல... யாருகிட்டயா? போன்லயா? மாப்ளைகிட்டத்தாங்க, வேற யாரு? இருங்க, பேசி முடிச்சுடறேன்...

ஹலோ, ஆமா பாபா... ஆமா ஆமா... அப்பாதான் வந்திருக்கார்... சொல்றேன்... வயிறு எப்படி இருக்கு இப்போ?... ம்... எழுந்திருக்கவே முடியலையா... அடடா... அப்போ இந்த வெயில்ல ரயில் ஏற வேண்டாம், படுத்துக்கோ. ஒரு நாள் வராட்டா என்ன, எங்களுக்குப் புரியாதா?... ம்... அப்பா வருத்தப்பட மாட்டார்... சொல்லிடறேன்... சரி சரி...

கேட்டீங்களா? வயிறு சரியில்லையாம். பாவம், பேசவே முடியலை. உங்ககிட்டச் சொல்லச் சொன்னான்... எதுக்கு? உங்களுக்கு எதுக்குங்க போனு? அவனுக்கு முடியலைங்கறேனே, களைச்சுப் போயிருக்கான், தொந்தரவு பண்ணாதீங்க... ஏங்க, வேண்டாம்... குடுங்க இப்படி... ஏங்க...

...

காதுல வச்சுக்கிட்டு என்ன பேசாம நிக்கறீங்க?...

...

யாருக்குத் தலையாட்டறீங்க?...

என்ன சொல்றான்?...

வயிறு தேவலையாயிடுச்சா... ம்... அடுத்த லோக்கல்ல வர்றானாமா... அவனா சொன்னான்? உங்ககிட்டயா சொன்னான்?...

...

ஆமா. அவன் அப்படித்தான், கடைசி நேரத்துல மனசு மாறுவான்... சரிங்க. நான் மீனைக் கடுகுல போட்டு வைக்கிறேன்... வயித்துப் பக்கத்துத் துண்டு அவனுக்கு, ஆமா, எடுத்து வைக்கிறேன்.

எங்க, மறுபடியும் கிளம்பிட்டீங்க?... ஒரு வாய் தண்ணியாவது குடிச்சுட்டு... சரி, போங்க. போனை நீங்களே வச்சுக்கங்க.

ஏங்க, குடை... குடையை எடுத்துக்கிட்டுப் போங்க.