கடைசி போட்டு அஞ்சரைக்கு

டூரிஸ்ட்டா? சரிலா அண்ணே, நீங்க சொன்னா சரி. தீவு சுத்திப் பாக்கப் போறீங்க, நண்டு சாப்பிடப் போறீங்க, நல்ல விஷயம்தான். ஆனா எந்த டூரிஸ்ட்டு அண்ணே சாப்பாட்டுக் கடை பேர் போட்ட டீசர்ட்டோட, தோள்ல ஒரு பைகூட இல்லாம, பிரிக்பீல்ட்ஸ் பின்சந்துல நின்னு கார் ஏறுவாரு? கைய மறைக்க வேணாம். ஏறும்போதே பாத்துட்டேன். முழங்கை வரைக்கும் கோடு கோடா இருக்கே, அது தோசைக்கல்லு சுட்ட தழும்புதானே?

பயப்படாதீங்க, நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ற ஆளு இல்ல. என் பேரு மாதவி. பந்திங் பக்கம் எஸ்டேட் தமிழ்ப்பள்ளில படிச்ச மலேசியப் பொண்ணு, இப்ப கிள்ளான்ல இருக்கேன். மகளை அம்மாகிட்ட விட்டுட்டு இந்தக் காரை டாக்சியா ஓட்டறேன். நாலு வயசு ஆகப் போவுது, வாய் மட்டும் முப்பது வயசு. நீங்க உக்காந்திருக்கற சீட்டுல கரகரன்னு குத்துதே, அது அவ பிஸ்கட்டுத் தூளு. தட்டி விட்டுக்குங்க.

தீவுல எப்படிச் சுத்தறதுன்னு கேட்டீங்கல்ல? சொல்றேன். மொதல்ல அங்க காரே கிடையாது. ரோடும் கிடையாது. சேத்து மேல காலு நட்டு வீடு கட்டியிருப்பாங்க, நடுவுல ஒல்லியா சிமெண்ட் பாதை ஓடும். எதிர்ல ஒருத்தர் வந்தா நீங்க உடம்ப ஒதுக்கித்தான் நிக்கணும். நடக்கலாம், சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம், பேட்டரி வண்டி எடுக்கலாம், பக்கத்து கம்பத்துக்கு, அதான் பக்கத்து கிராமத்துக்கு, போகணும்னா சின்னப் படகு. நிதானமா ரெண்டு மணி நேரம்…

அண்ணே.

அண்ணே, அழறீங்களா? அலாமாக், நான் என்ன சொல்லிட்டேன். இந்தாங்க டிஷ்யூ. தண்ணி குடிங்க, அந்தப் போத்தல் புதுசுதான். மெதுவா சொல்லுங்க. ஹைவே ஜேம்மாத்தான் இருக்கு, நேரம் இருக்கு.

…

எப்ப? இன்னைக்கு விடிகாலையிலயா?

ஐயோ. மன்னிச்சுக்குங்க அண்ணே. இது தெரியாம நான் பிஸ்கட்டு, நண்டுன்னு கேலி பேசிட்டிருந்தேன். அப்பாவுக்கு என்ன வயசு? அறுபத்தொண்ணா. அது ஒரு வயசா.

சரி, கண்ணத் தொடைங்க. நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. நீங்கதான் மூத்த மகன். கொள்ளி நீங்கதான் வைக்கணும். ஐஸ் பெட்டில வச்சிட்டு உங்களுக்காகக் காத்திருக்காங்க. டிக்கெட்டு கூட வேலை செய்யறவங்க சேந்து போட்டுக் குடுத்துட்டாங்க, இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்குத் திருச்சி பிளைட்டு. ஆனா பாஸ்போர்ட்டு மொதலாளிகிட்ட. பர்மிட் புதுப்பிக்கணும்னு வெள்ளிக்கிழமை எடுத்தவரு, தோள்பைல வச்சிருக்காரு, பை அவரு கூடவே தீவுக்குப் போயிடுச்சு. குடும்பத்தோட நண்டு சாப்பிட்டு ராத்திரி அங்கயே தங்கி நாளைக்குத்தான் திரும்புவாரு. போன் அடிச்சா எடுக்கல. மெசேஜ் நீல டிக்கு விழுந்திருக்கு, பதிலு இல்ல. அவ்வளவுதானே?

படிச்சிட்டும் பதிலு போடலையா. நல்ல மனுஷன்.

இல்ல, வைய மாட்டேன். திட்டறதுக்கு நேரம் இல்ல. இப்ப மணி ஒண்ணரை. ரெண்டரைக்குத் தீவுக்குப் போற போட்டு ஒண்ணு இருக்கு. அதை விட்டா அடுத்தது நாலு மணிக்குத்தான், அது உங்களுக்கு உதவாது. தீவுக்கு முக்கா மணி நேரம். மூணேகாலுக்கு இறங்கறீங்க. அங்கிருந்து கடைசி போட்டு அஞ்சரைக்கு. அப்ப கையில இருக்கறது ரெண்டேகால் மணி நேரம். அதுக்குள்ள அவரைக் கண்டுபிடிக்கணும், பாஸ்போர்ட்ட வாங்கணும், படகு ஏறற ஜெட்டிக்கு ஓடி வரணும். ஆறேகாலுக்கு நான் இந்தப் பக்கம் நிக்கறேன். ஏர்போட்டுக்கு ஒரு மணி நேரம், ஜேம் இருந்தா ஒண்ணரை. முடியும் அண்ணே. இடுக்குப் பிடிதான், ஆனா முடியும்.

டாக்சி ஆப்பா? அத அணைச்சு வச்சிடறேன், வேற சவாரி எடுக்க மாட்டேன். நீங்க அதைப் பத்தி யோசிக்காதீங்க.

இப்ப நான் சொல்றத மனசுல வாங்கிக்குங்க. டூரிஸ்ட்டுங்க தீவுல இறங்கினதும் எல்லாரும் நேரா நடப்பாங்க, கடை கடையா நிப்பாங்க. நீங்க நடக்காதீங்க. நடந்தா அந்தக் கோடிக்குப் போறதுக்கே நேரம் ஓடிடும். பேட்டரி வண்டிய எடுக்காதீங்க. ஓட்டிப் பழக்கம் இருக்கா? இல்லல்ல. அந்த ஒல்லிப் பாதைல சடார்னு பிடிச்சு இழுத்தா நேரா சேத்துலதான் விழுவீங்க, அப்புறம் உங்களத் தூக்கறதுக்கு ஆள் தேடணும். சைக்கிள் ஓட்டுவீங்களா? ஸ்கூலுக்கு சைக்கிள்லதான் போனீங்களா, அப்ப சரி. ஜெட்டி வாசல்லயே வரிசையா நிறுத்தியிருப்பாங்க. பிரேக்க மட்டும் அமுக்கிப் பாத்து எடுங்க. பாதி வண்டிக்கு பிரேக் இருக்காது.

அவரை எங்க தேடறதுன்னா, அது சீனவங்க ஊரு. நம்ம ஆளுங்க கம்மி. பட்டுச்சேலை கட்டின அம்மா, நெத்தியில விபூதியோட ஒரு அங்கிள், மூணு நாலு பிள்ளைங்க. இந்தக் கூட்டம் ஜெட்டில இறங்கியிருந்தா ஊரே பாத்திருக்கும். சைக்கிள் வாடகைக்காரன்கிட்டயே கேளுங்க. மலாய் வருமா? கொஞ்சமா. போதும். இந்தியா, ரமாய், மானா? இந்த மூணு வார்த்தை போதும். இந்தியர் கூட்டம் எங்கன்னு அர்த்தம். கை நீட்டிக் காட்டுவான்.

கண்டுபிடிச்சதும் தனியாக் கூப்பிட்டுப் பேசாதீங்க. அதான் எல்லாரும் பண்ற தப்பு. மரியாதைன்னு நெனச்சு ஓரமாக் கூட்டிட்டுப் போவீங்க, அவரு தோள்ல தட்டி நாளைக்குப் பாக்கலாம் தம்பின்னு அனுப்பிடுவாரு. சாப்பிடற மேசைக்கே போங்க. அந்தம்மாவப் பாத்துப் பேசுங்க, அவரப் பாத்து இல்ல. அப்பா செத்துட்டாரும்மா, கொள்ளி வைக்கணும், பாஸ்போர்ட்டு வேணும்னு நாலு மேசைக்குக் கேக்கற மாதிரிச் சொல்லுங்க. எந்தப் பொம்பளையும் அதக் கேட்டுட்டு நண்டு உடைச்சுட்டு உக்காந்திருக்க மாட்டா. பையத் தொறக்கறது அந்தம்மாவாத்தான் இருக்கும், பாருங்க.

திரும்பி வருவீங்களான்னு கேப்பாரு. வருவேன்னு சொல்லுங்க. உங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் மாட்டேன்.

போன் அடிக்குது. தங்கச்சியா? எடுங்க. எடுத்து நாளைக்குக் காலைல விடியறதுக்குள்ள வீட்டுல இருப்பேன்னு சொல்லுங்க. இருக்கலாம்னு சொல்லாதீங்க அண்ணே, இருப்பேன்னு சொல்லுங்க. அங்க நாலு பெருசுங்க உக்காந்துக்கிட்டு எவ்வளவு நேரம் வச்சிருக்கறதுன்னு அரிச்செடுத்துக்கிட்டு இருப்பாங்க. அந்தப் புள்ளைக்குச் சொல்றதுக்கு ஒரு வார்த்தை வேணும்ல.

…

நல்லாச் சொன்னீங்க.

பாருங்க, கிள்ளான் தாண்டியாச்சு. இன்னும் பத்தே நிமிஷம். மணி ரெண்டு. நான் சொன்னேன்ல, முடியும்னு…

என்ன இது, ஏன் எல்லாரும் பிரேக் போடறான்.

அண்ணே, முன்னாடி பாக்காதீங்க. என்னப் பாருங்க. ஆரஞ்சுக் கோன் வச்சிருக்காங்க. போலீஸ் ரோட்பிளாக், பாஸ்போர்ட்டு கேப்பாங்க.

கதவுல கை வைக்காதீங்க! இறங்கி ஓடினீங்கன்னா அங்கயே முடிஞ்சுது. பின்னாடி லோரி நிக்குது, திரும்பவும் முடியாது. காப்பியாவது இருக்கா, பாஸ்போர்ட்டு காப்பி? போன்ல ஒரு போட்டோவா. அது மங்கலா இருக்கு, அத வச்சுக்கிட்டு உங்கள ஓரங்கட்டி விசாரிக்கவே சாயங்காலம் ஆயிடும். சரி. சரி. யோசிக்க விடுங்க.

டீசர்ட்ட கழட்டுங்க. கழட்டித் திருப்பிப் போடுங்க, கடை பேரு உள்ள போகட்டும். வெக்கப்படற நேரமா இது, நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன். சீக்கிரம். பின் சீட்டுல என் தம்பி தொப்பி கெடக்கும், எட்டி எடுங்க. வேணாம், தொப்பி வேணாம், மறைக்கற மாதிரி இருக்கும். முகத்தத் தொடைங்க. கண்ணு செவந்திருக்கு, பரவால்ல, தூக்கம் இல்லன்னு நெனப்பான்.

சீட்டக் கொஞ்சம் சாய்ச்சுப் படுத்த மாதிரி உக்காருங்க. நீங்க விறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கற மாதிரி எந்த மலேசியாக்காரனும் கார்ல உக்கார மாட்டான். செருப்பக் கழட்டிடுங்க, ஒரு கால மடக்கிக்குங்க. ஆங், அப்படித்தான். உங்ககிட்ட ஏதாவது கேட்டா சார்னு சொல்லிடாதீங்க, அங்கயே தெரிஞ்சிடும். ஜாலான் ஜாலான்னு மட்டும் சொல்லுங்க. சும்மா சுத்தப் போறோம்னு அர்த்தம். சொல்லிப் பாருங்க. இன்னும் சோம்பேறித்தனமா. ம். அவ்வளவுதான். தலைய மட்டும் ஆட்டாதீங்க, உங்க ஊர்த் தலையாட்டல் ஒண்ணே போதும் கண்டுபிடிக்க.

மூணு காரு இருக்கு. ரெண்டு.

இந்த பிஸ்கட்டுப் பாக்கெட்ட கையில பிடிங்க. தின்னுங்க. முடியலைன்னாலும் மெல்லுங்க.

கண்ணாடிய எறக்கறேன்.

செலாமத் பெத்தாங், என்சே. லைசன்ஸ் ஆடா, இனி. யா, டாரி கிள்ளான். இனி? இனி அபாங் சாயா. அபாங் செண்டிரி லா! நாக் பாவா டியா பெர்கி பூலாவ், மாக்கான் கெத்தாம். யா, டியா பெலாஞ்சா, ஹாஹா, சுசா நாக் டாப்பாட்… ஓகே என்சே. ஓகே. தெரிமா காசே.

…

திரும்பிப் பாக்காதீங்க. அங்க இன்னொருத்தன் நிக்கறான். மெல்லுங்க. மெல்லுங்க.

ம். தாண்டியாச்சு.

மூச்சு விடுங்க அண்ணே. நானும் விடறேன். என்ன சொன்னேனா? சொந்த அண்ணன்னு சொன்னேன். தீவுக்கு நண்டு சாப்பிடக் கூட்டிட்டுப் போறேன், காசு அவருதான் குடுக்கறாரு, இப்படி ஒரு நாள் கிடைக்கறதே கஷ்டம்னு சொன்னேன். அதுக்குத்தான் அந்த ஆளு சிரிச்சான். அவனுக்கும் ஒரு அண்ணன் இருப்பான் போல.

எனக்கா? உங்க அடையாளக் கார்டு கேட்டிருந்தா எனக்கும் பிரச்சனைதான். தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்.

அதோ ஜெட்டி. ரெண்டு இருபது. அந்தக் கார் நிறுத்தற இடத்தைப் பாருங்க, உங்க மொதலாளி காரு என்ன நெறம்? வெள்ளையா, நம்பர் தெரியுமா? அதோ, அந்த மரத்தடில நிக்குது, அதானே? பாத்தீங்களா! காரு இங்க இருக்கு, தீவுல இன்னொரு காரு கிடையாது. எங்கயும் ஓடிட முடியாது அவரால. போங்க, டிக்கெட்டு கவுண்டரு அந்தப் படிக்கட்டுக்கு மேல. செருப்பு, செருப்பப் போட்டுக்குங்க.

என்னது இது? பத்து ரிங்கிட்டா? வேணாம்.

வேணாம்னு சொல்றேன்ல, உள்ள வைங்க! நீட்டாதீங்க அத என்கிட்ட!

…கத்திட்டேன். மன்னிச்சுக்குங்க அண்ணே. உங்க மேல கோவம் இல்ல. அந்த நோட்ட இந்தக் கார்ல யாரு நீட்டினாலும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்.

போட்டுக்காரன் ஹாரன் அடிக்கறான். வாங்க, படி வரைக்கும் கூட வரேன், நடந்துக்கிட்டே கேளுங்க.

நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே ரோட்டுல இதே மாதிரி கோன் வச்சிருந்தாங்க. முன் சீட்டுல ஒருத்தரு இருந்தாரு, உங்கள மாதிரி ஊர்லேருந்து வேலைக்கு வந்தவரு. அவரு பாஸ்போர்ட்டும் மொதலாளி பெட்டிலதான். யாரு இவருன்னு கேட்டான். எனக்கு ஏழு மாசம் அப்ப. என்னையும் சேத்து இழுத்துட்டுப் போயிடுவாங்கன்னு பயம். பாசெஞ்சர், யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டேன். அவரு என் முகத்த ஒரு தடவை பாத்தாரு. பாத்துட்டு ஆமாம்னு தலைய ஆட்டினாரு. இறங்கறப்போ பாக்கெட்டுலேருந்து பத்து ரிங்கிட்ட எடுத்து, கார் வாடகை மாதிரி என்கிட்ட நீட்டினாரு, நான் சொன்னது பொய்னு போலீசுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுல்ல. அறந்தாங்கிக்கு அனுப்பிட்டாங்க. இன்னும் உள்ள விட மாட்டேங்கறாங்க. எங்க மக அவர போன்லதான் பாத்திருக்கா.

கயிறை அவுக்கறாங்க, ஓடுங்க. அஞ்சரை போட்டு, மறந்துடாதீங்க.

நானும் அந்த நோட்ட வாங்கிக்கிட்டேன் அண்ணே. வாங்கிக்கிட்டு தேங்க்யூ அண்ணேன்னு சொன்னேன். எனக்குத் தாலி கட்டின மனுஷனை.