கோபம் என்று நாங்கள் குறித்த முகம்

நாற்காலி மேல் ஏறி, முனகும் குழல்விளக்கை மூச்சைப் பிடித்துக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். கீழே, காதுகளைப் பொத்தியபடி கதவுப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார் ஆய்வுக்கு வந்திருந்த, கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர். முனகல் நின்றது, அவர் உட்கார்ந்தார், ஆய்வு பிழைத்தது. அன்றும், ஓய்வுபெறும் இன்றும் ஆர்ப்பாட்டம் அறியாத எங்கள் தலைமை ஆய்வாளர் அவர்களே, அளந்து பேசும் அறிவே, அவசரப்படாத அன்பே, வணக்கம்!

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பிறர் மனத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், வங்கி வரிசையிலும் பேருந்திலும் தொலைபேசியிலும் எங்கே திணறுகிறார்கள் என்பதே நம் ஆய்வு. ஒலியில்லாத படத்துண்டுகளைக் காட்டி, முகத்தில் தெரிவது என்ன என்று கேட்போம். கடிகாரக்காரர் பெரும்பாலும் தவறாகவே சொன்னார். அவருக்கோ ஒரே ஆசை: தனியாக வீடெடுத்து இருக்க வேண்டும். உடன் வந்த அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"மூஞ்சியப் பாத்து கோவமா சிரிப்பான்னு சொல்லத் தெரியல. இவன நம்பி எப்படிங்க தனியா விடறது? வீட்டுக்காரர் கத்துனாக்கூட தலையாட்டிட்டு நிப்பான்."

வேறொருவர் மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்தவரை அழைத்திருப்பார். தாங்களோ ஆய்வையே திருப்பிப் போட்டீர்கள். கடையில் குனிந்து வேலை செய்யும் தம்பியை, அவர் சம்மதத்தோடு படம்பிடித்து அக்காவுக்குக் காட்டினீர்கள். கோபம் என்றார் அக்கா. பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் சுமக்கும் நாங்களும் மூளையைக் கசக்கிப் பிழிந்து, கோபம் என்றே குறித்தோம். பிறகு கடிகாரக்காரரையே கேட்டீர்கள்.

"நின்னுபோன கடிகாரம் ஓட ஆரம்பிச்சுது. சந்தோஷமா இருந்தேன். யாரு கோவமா இருந்தா?"

புரியாமை ஒருவழிப் பாதை அல்ல என்பது எங்கள் மரமண்டையில் ஏறியது அன்றுதான். அதன்பின் ஒவ்வோர் ஆய்விலும் உறவினரையும் தேர்வெழுத உட்காரவைத்தீர்கள். கேள்விகளை ஆட்டிசம் உள்ளவர்களோடு சேர்ந்தே எழுதினீர்கள். அவர்கள் வேண்டாமென்று அடித்துவிட்ட எங்கள் அருமைக் கேள்விகளுக்காக ஒருமுறையும் பரிந்து பேசியதில்லை.

ஆனாலும் அக்கா அன்று மசியவில்லை. படம் வேறு, பிழைப்பு வேறு என்றுவிட்டார். அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய் ஏதோ சொன்னீர்கள். திரும்பி வந்தவர், தம்பியிடம் வீடு பார்க்கச் சொன்னார். தம்பி இன்றும் தனி வீட்டில், தன் கடிகாரங்களோடு நன்றாக இருக்கிறார். என்ன மந்திரம் போட்டீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டும் தாங்கள் வாய் திறக்கவில்லை.

ஓய்வுக்காலம் ஓசை குறைந்ததாய் அமையட்டும். உடல்நலமும் உள்ளநிறைவும் நெடுநாள் உடன் வரட்டும்.

நேற்றுத் தாங்களே எங்களிடம் சொல்லி, மடலில் சேர்க்கலாம் என்று அனுமதியும் தந்ததால், தாழ்வாரத்தில் அக்காவிடம் சொன்னதை அப்படியே வாசிக்கிறோம்:

"எனக்கும் ஆட்டிசம்தாங்க. வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து தனியாத்தான் குடியிருக்கேன்."

என்றும் தங்கள்,
ஆய்வுக்கூடத்துத் தோழமையினர்