கார்ட்டூம் கிடங்கில் கருவேலம் பிசின்

"படுங்கண்ணே! தலையத் தூக்காதீக!"

கத்துவது நான். கருப்பையா அண்ணன் பிசின் மூட்டைகளுக்குப் பின்னால் விழுகிறார். முதலில் விசில். பிறகு இடி. தகரக் கூரை கிழிகிறது. கிடங்கின் தண்ணீர்த் தொட்டி உடைந்து ஓடுகிறது.

2023 ஏப்ரல். சூடான், கார்ட்டூம். நான் ஆரோக்கியம், மானகிரிக்காரன். மரப்பிசினைத் தரம் பிரிப்பது என் வேலை. அண்ணன் கண்டனூர்க்காரர், எடை போடுபவர். கூடவே பிசின் பொறுக்கும் ஹலீமா அக்கா, காவலாளி உஸ்மான். ஒரு நாட்டுக்குள்ளேயே இரண்டு படைகள் அடித்துக்கொண்டன. வீரர்களாம். குடிதண்ணீர்த் தொட்டியை வென்ற வீரர்கள்.

மானேஜர் காரைக்குடிக்காரர். முதல் வெடிச்சத்தத்திலேயே காரில் தூரத்துத் துறைமுகத்துக்கு ஓடிவிட்டார். பின் சீட் முழுக்கக் காலி.

அப்புறம் வாய்க்கால் தண்ணீர்தான். அண்ணனுக்குப் பேதி. பிறகு ரத்தம். மருந்துக்கடை எரிந்துவிட்டது. கறுத்த கருவேலம் பிசினைத் தேடி எடுத்தேன். ஏற்றுமதிக்கு ஆகாதென்று ஒதுக்கியது. துவர்ப்பு அதிகம். வயிற்றைக் கட்டும். அக்கா அடுப்பு மூட்டினார். காய்ச்சி, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தோம்.

"நாக்கை இழுத்துப் பிடிக்குது தம்பி."

"வயித்தையும் பிடிக்கட்டும். குடிங்கண்ணே."

போன் அடிக்கிறது. மானேஜர். அண்ணன் நிலைமையைச் சொன்னேன். பிசின் கொடுத்ததையும் சொன்னேன்.

"கம்பெனி சரக்கை யாரைக் கேட்டுத் தொட்டீக?"

ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. போனை அணைத்துவிட்டேன். அவருக்கு வீணாக்க என்னிடம் சார்ஜ் இல்லை.

மறுநாள் ரத்தம் குறைந்தது. அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். அக்கா தண்ணீருக்குப் போனார். விசில். இடி. வாசலில் குடம் மட்டும் உருள்கிறது.

பிறகு துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். பிசினைக் கற்கண்டென்று கடித்தார்கள். துப்பினார்கள். அப்படியும் விடவில்லை. மூட்டைகளை லாரியில் ஏற்றச் சொல்லி, உஸ்மானையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள்.

மீட்புப் பேருந்து வந்தது. பாலைவன வழி. அண்ணனுக்கு மறுபடியும் ரத்தம். பிசினால் அவ்வளவுதான் முடிந்தது. அவருக்கு டிரிப் ஏற்றியிருக்க வேண்டும். யாரிடமும் இல்லை. என் மடியில் போய்விட்டார். வழியிலேயே புதைத்தோம்.

நான் ஊர் திரும்பிய பிறகு, கண்டனூர் வீட்டுக்கு மானேஜர் மாலையோடு வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. அண்ணன் மனைவி வாசலிலேயே மறித்தார்.

"அங்குட்டே நில்லுங்க. உள்ள வராதீக."

மாலையோடு திரும்பினார்.

கிடங்கில் நாங்கள் நான்கு பேர். ஹலீமா அக்கா இல்லை. கருப்பையா அண்ணன் இல்லை. உஸ்மானைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. மானேஜருக்கு ஒரு கீறல்கூட இல்லை.