செவ்வாய்க்கிழமை போன்

முசஃபாவிலிருந்து அபுதாபிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருவர். ஒருவர் வீட்டு டிரைவர், மற்றவர் வெல்டர். ஒரே ஊர்க்காரர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“எங்க மேடம் இந்த வாரம் என்னைக் கொன்னுட்டாங்க,” என்றார் டிரைவர்.

“என்னண்ணே சொல்றீங்க?”

“ஸ்காட்லாந்துக்காரங்க. முன்னாடி நடிகை. வயசானதும் யாரும் கூப்பிடலையாம், டிவி நாடகம் எழுத வந்துட்டாங்க. எழுதுறதையெல்லாம் கார்ல பின்னாடி உக்காந்து நடிச்சுப் பாப்பாங்க. புதுக் கதையில டிரைவர் செத்துப்போறான். ஊருக்கு எப்படிச் சொல்வீங்கன்னு கேட்டாங்க.”

“நீங்க?”

“பொண்டாட்டிகிட்ட சாவைச் சொல்ல மாட்டோம், மேடம். உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரியில இருக்காருன்னுதான் கூடத் தங்கியிருக்கற ரூம்காரன் சொல்வான்னேன். உடனே அந்தப் பொண்டாட்டியா மாறி அழுதாங்க. என்னால வண்டி ஓட்ட முடியல.”

வெல்டர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“மனசு கேக்காம அன்னைக்கே பூத்துல இருந்து வீட்டுக்குப் போன் போட்டேன். எப்பவும் வெள்ளிக்கிழமைதான கூப்பிடுவேன், அன்னைக்குச் செவ்வாய். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள என் பொண்டாட்டி, ‘அவருக்கு என்ன ஆச்சு? ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லாதீங்க’ன்னா.”